ஓரத்தில் ஒரு 'தே': கட்டுரை எழுதக் கற்ற வருடம்

பதினோராம் வகுப்பில் நான் எழுதிய கட்டுரை நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. முதல் கட்டுரையின் தலைப்பு 'நூலகத்தின் பயன்கள்'. முன்னுரை மட்டும் முக்கால் பக்கம். அடுத்து உட்தலைப்புகள், ஒவ்வொன்றின் கீழும் அளவுகோல் வைத்துப் போட்ட கோடு. முதல் உட்தலைப்பின் கீழ் பன்னிரண்டு வரிகள், இரண்டாவதில் ஏழு, மூன்றாவதில் நான்கு. முடிவுரை ஒரே வாக்கியம்: 'எனவே நாம் அனைவரும் நூலகத்தைப் பயன்படுத்தி வாழ்வில் உயர்வோமாக.' அதற்குப் பக்கத்தில், ஓரத்தில், சிவப்பு மையில் ஒரே ஓர் எழுத்து: 'தே'. மதிப்பெண் எதுவும் போடவில்லை.

அந்த எழுத்துக்கு என்ன அர்த்தம் என்று தெரிய ஒரு வாரம் ஆனது. அது என் கட்டுரைகளை விட்டுப் போகக் கிட்டத்தட்ட அந்த வருடம் முழுவதும் ஆனது. அப்போது கற்றுக்கொண்டதை இங்கே எழுதி வைக்கிறேன். பள்ளியில் கட்டுரை எழுதிக்கொண்டிருப்பவர்களுக்கும், வீட்டில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பவர்களுக்கும் இதில் ஏதாவது உதவலாம்.

அதுவரை கட்டுரை என்றால் எனக்கு நிரப்ப வேண்டிய ஒரு சட்டகம். முன்னுரை, பொருளுரை, முடிவுரை. முன்னுரையில் ஒரு குறள் அல்லது ஒரு பொன்மொழி. நடுவில் நோட்ஸில் படித்த கருத்துகள். முடிவில் 'வளமான எதிர்காலம் படைப்போம்'. தலைப்பு மழைநீராக இருந்தாலும் தாய்மொழியாக இருந்தாலும் இதே ஏற்பாடுதான். பத்தாம் வகுப்பு வரை நல்ல மதிப்பெண்ணும் வந்தது. அந்தச் சட்டகத்தை நான் இன்றும் குறை சொல்ல மாட்டேன். வெள்ளைத்தாளைப் பார்த்துத் திகைத்து நிற்கும் வயதில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பு வேண்டும்தான். ஆனால் அந்தத் தலைப்பைப் பற்றி நான் என்ன நினைக்கிறேன் என்று அதுவரை யாரும் என்னைக் கேட்டதில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

அந்த வருடம் புதிதாக வந்த தமிழம்மா வாரம் ஒரு கட்டுரை என்று வைத்தார். வெள்ளிக்கிழமை எழுதிக் கொடுக்க வேண்டும், செவ்வாய்க்கிழமை நோட்டு திரும்பி வரும். ஓரத்தில் எழுத்துகள் மட்டும் இருக்கும். 'மி', 'கூ', 'வெ', 'மற்', 'தே'. இரண்டாவது வாரம் அவற்றைக் கரும்பலகையில் எழுதி விளக்கினார். 13-ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூலின் பாயிரத்தில், ஒரு நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்கள் சொல்லப்பட்டிருக்கின்றன. குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், மாறுகொளக் கூறல், வழூஉச்சொல் புணர்த்தல், மயங்க வைத்தல், வெற்றெனத் தொடுத்தல், மற்றொன்று விரித்தல், சென்று தேய்ந்து இறுதல், நின்று பயன் இன்மை. ஓரத்தில் இருந்த எழுத்துகள் எல்லாம் இவற்றின் சுருக்கம். தேர்வுக்காக மனப்பாடம் செய்துவிட்டு மறந்துபோகிற வரிகளாகத்தான் இவற்றை நினைத்திருந்தேன். எழுதிய ஒரு பக்கத்தை எடுத்து வைத்துக்கொண்டு, இதில் எந்தக் குற்றம் எந்த வரியில் இருக்கிறது என்று பார்க்கிற கருவி அது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

என்னுடையது 'சென்று தேய்ந்து இறுதல்'. நன்றாகப் புறப்பட்டு, போகப் போக மெலிந்து, கடைசியில் காணாமல் போவது. முடிவுரையைப் பெரிதாக எழுதினால் சரியாகிவிடும் என்று நினைத்து, அடுத்த இரண்டு வாரமும் முடிவுரையை நீட்டினேன். அப்போதும் 'தே' வந்தது, கூடவே 'கூ'வும் வந்தது. நோட்டை எடுத்துக்கொண்டு தமிழம்மாவிடம் போனேன்.

"அம்மா, முடிவுரை இந்தத் தடவை அரைப் பக்கம் எழுதியிருக்கேன். அப்பவும் ஏன் 'தே'?"

அவர் முடிவுரையைப் பார்க்கவே இல்லை. பக்கத்தைப் புரட்டி முன்னுரையில் விரலை வைத்தார். "இங்க நீ என்ன கேட்டிருக்கேன்னு பாரு. ஒண்ணுமே கேக்கல. கேள்வி இல்லாமக் கிளம்பினா எங்க போய் நிக்கணும்னு எப்படித் தெரியும்? அதான் பாதி வழியிலேயே மூச்சு வாங்குது."

இந்த ஒரு வார்த்தைதான் அந்த வருடம் முழுக்க என்னுடன் வந்தது. குற்றம் தெரிகிற இடம் வேறு, அது பிறக்கிற இடம் வேறு. கடைசிப் பத்தி மெலிந்து கிடந்தால், மருந்து முதல் பத்தியில்தான் போட வேண்டியிருந்தது.

அதன்பிறகு எந்தத் தலைப்பு வந்தாலும் முதலில் அதைக் கேள்வியாக மாற்றிப் பார்க்கத் தொடங்கினேன். 'மரம் வளர்ப்போம்' என்று தலைப்பு வந்தால், 'நட்ட கன்றுகள் எல்லாம் ஏன் மரமாவதில்லை?' 'கைப்பேசியின் நன்மை தீமைகள்' என்று வந்தால், 'அணைத்து வைத்த கைப்பேசி பக்கத்தில் கிடந்தாலும் கண் ஏன் அங்கேயே போகிறது?' எல்லாக் கேள்வியும் கட்டுரையைத் தாங்காது என்பது பட்டுத்தான் தெரிந்தது. 'மரங்கள் நமக்குப் பயன்படுகின்றனவா?' என்று ஒரு வாரம் கேட்டுவிட்டு, 'ஆம்' என்பதற்கு மேல் போக வழியில்லாமல் நின்றேன். எழுத உட்காரும்போதே விடை முழுதாகத் தெரிந்திருந்தால் அந்தக் கேள்வி என்னைத் தூக்கிக்கொண்டு போகாது. ஒருவராவது 'இல்லை, அப்படியில்லை' என்று மறுத்துச் சொல்ல இடம் இருக்க வேண்டும். இந்த இரண்டும் இருந்தால் போதும், கேள்வி பெரியதாக இருக்க வேண்டிய தேவையே இல்லை. உண்மையில் சின்னக் கேள்விகள்தான் எனக்கு நீண்ட கட்டுரைகளைத் தந்தன.

இதில் அதிகம் கற்றுக்கொடுத்தது 'அறிவியல் ஆக்கமா, அழிவா?' என்ற தலைப்பு. பட்டிமன்றத்திலும் கட்டுரைப் போட்டியிலும் காலம்காலமாக வருகிற தலைப்புதான். எல்லோரும் எழுதுவதைப் போலவே நானும் எழுதினேன்: ஒரு பக்கம் மின்சாரம், மருத்துவம், போக்குவரத்து, மறு பக்கம் அணுகுண்டு, மாசு. முடிவில் 'அறிவியல் இரண்டுமாக இருக்கிறது, அதை நல்வழியில் பயன்படுத்துவது நம் கையில் உள்ளது'. ஓரத்தில் 'நி' என்று வந்தது. நின்று பயன் இன்மை. சொற்கள் வரிசையாக நிற்கின்றன, அவற்றால் ஒரு பயனும் இல்லை. தலைப்பே கேள்வியாகத்தானே இருக்கிறது, பிறகு என்ன குறை என்று எனக்குப் புரியவில்லை. "இரண்டும் உண்டுங்கறது தலைப்பைப் படிக்கும்போதே உனக்குத் தெரியும்ல? அப்போ இந்த மூணு பக்கத்துல நீ எங்கேயும் போகல," என்றார் அம்மா. மறுபடி எழுதச் சொன்னார்.

அந்த வாரம் வேதியியல் வகுப்பில் அம்மோனியா தயாரிக்கும் ஹேபர் முறை நடந்துகொண்டிருந்தது. பாடத்தில் வெப்பநிலை, அழுத்தம், வினையூக்கி மட்டும்தான் இருந்தன. அந்த ஹேபர் யார் என்று தேடிப் படித்தேன். காற்றில் இருக்கும் நைட்ரஜனை அம்மோனியாவாகப் பிடித்துத் தந்து, செயற்கை உரத்துக்கு வழி திறந்தவர் ஃபிரிட்ஸ் ஹேபர். 1918-ஆம் ஆண்டுக்கான வேதியியல் நோபல் பரிசு இதற்காக அவருக்குக் கிடைத்தது. இன்று உலகில் விளையும் உணவில் பெரும்பங்கு அந்த உரத்தை நம்பித்தான் இருக்கிறது. அதே மனிதர்தான் முதல் உலகப் போரில், 1915 ஏப்ரலில், பெல்ஜியப் போர்முனையில் குளோரின் வாயுவைத் திறந்துவிட்ட வேலையை நேரில் நின்று நடத்தியவர். அவர் முறையில் கிடைத்த அம்மோனியாவே அந்தப் போரில் வெடிமருந்துக்கும் மூலப்பொருளானது.

படித்து முடித்தபோது என் கேள்வி தானாக மாறிவிட்டது. அறிவியல் ஆக்கமா அழிவா என்று கேட்பதை விட்டுவிட்டு, 'ஒரே மனிதரின் ஒரே அறிவு எந்த இடத்தில் திரும்பியது, திருப்பியவர் யார்?' என்று கேட்டேன். அவரே திருப்பினாரா, அரசு கேட்டதால் திரும்பியதா, போர் என்று வந்தபிறகு திரும்பாமல் இருந்திருக்க முடியுமா? எழுத எழுத அடுத்த கேள்வி வந்துகொண்டே இருந்தது. நான்கு பக்கம் போனது. 'இரண்டும் உண்டு' என்ற அதே உண்மைதான் இதிலும் இருந்தது. ஆனால் இந்தத் தடவை அதற்கு ஒரு முகம் இருந்தது, ஓர் ஆண்டு இருந்தது, ஒரு முடிவை எடுத்த மனிதர் இருந்தார். பொதுவாகப் பேசினால் இரண்டு பத்தியில் தீர்ந்துவிடுகிற விஷயம், ஒரே ஓர் ஆளைப் பிடித்துக்கொண்டால் தீராமல் வளர்கிறது. இதைப் பார்த்தபிறகு ஒவ்வொரு கட்டுரைக்கும் முதலில் ஓர் ஆளையோ ஒரு பொருளையோ ஒரு நாளையோ தேடும் பழக்கம் வந்தது.

அந்தக் கட்டுரையிலும் ஓரத்தில் ஒரு குறிப்பு இருந்தது. வாயுவால் 'ஒரே நாளில் லட்சக்கணக்கானோர் மடிந்தனர்' என்று எழுதியிருந்தேன். பக்கத்தில் 'எங்கிருந்து?' என்று கேட்டிருந்தார். தேடிப் பார்த்தேன். நான் படித்த எதிலும் அப்படி இல்லை. எழுதும் வேகத்தில் என் மனம் போட்டுக்கொண்ட எண் அது. அடித்துவிட்டு, 'பச்சை மஞ்சள் நிறத்தில் தரையோடு நகர்ந்து வந்த புகையைப் பதுங்குகுழியில் இருந்தவர்கள் அதற்கு முன் பார்த்ததில்லை' என்று எழுதினேன். எண் போனபிறகு வரி இன்னும் கனமாக இருந்தது. அன்றிலிருந்து கட்டுரை எழுதும்போது நோட்டின் பின்பக்கத்தில் ஒவ்வொரு தகவலும் எங்கே கிடைத்தது என்று ஒரு வரி எழுதி வைக்கிறேன். பின்பக்கத்தில் வரி இல்லாத தகவல் முன்பக்கத்துக்கு வரக்கூடாது. இன்றுவரை விடாமல் பின்பற்றுகிற பழக்கம் இது.

முன்னுரை பற்றியும் சொல்ல வேண்டும். என் நேரத்தில் பாதியை அதுதான் தின்றுகொண்டிருந்தது. எப்படித் தொடங்குவது என்று யோசித்தே அரை மணி நேரம் போய்விடும். அம்மா ஒரு வழி சொன்னார்: மேலே பத்து வரி காலியாக விட்டுவிட்டு, சொல்ல வேண்டியதில் எது மிக நன்றாகத் தெரியுமோ அங்கிருந்து தொடங்கு, முன்னுரையைக் கடைசியில் நிரப்பு. முதல் தடவை செய்தபோது ஏதோ தப்பு செய்வதைப் போல இருந்தது. ஆனால் முழுக் கட்டுரையும் எழுதியபிறகு முன்னுரை ஐந்து நிமிடத்தில் வந்தது. எதற்கு முன்னுரை எழுதுகிறோம் என்று அப்போது தெரிந்திருந்ததே காரணம். சில வாரம் அந்தப் பத்து வரியை நிரப்ப வேண்டிய தேவையே வரவில்லை, கட்டுரை ஏற்கெனவே சரியான இடத்தில் தொடங்கியிருந்தது.

தேர்வில் இப்படிச் செய்ய முடியாது. அங்கே வேறு ஏற்பாடு வைத்துக்கொண்டேன். கட்டுரைக்கு நாற்பது நிமிடம் என்றால் முதல் ஆறு, ஏழு நிமிடம் எழுதுவதே கிடையாது. விடைத்தாளின் கடைசிப் பக்கத்தில் கேள்வியை ஒரு வரியில் எழுதுவேன். அதற்கு என் விடையை ஒரு வரியில் எழுதுவேன். நடுவில் மூன்று அல்லது நான்கு சொற்கள், ஒவ்வொன்றும் ஒரு பத்தி. குறிப்புச்சட்டகம் என்று நாம் எழுதுவதும் இதைத்தான், ஆனால் நான் முன்பெல்லாம் கட்டுரையை எழுதி முடித்துவிட்டு உட்தலைப்புகளை மேலே கொண்டுபோய் எழுதி அதைச் சட்டகம் என்று காட்டுவேன். எழுதுவதற்கு முன்னால் போட்டால்தான் அது வேலை செய்கிறது. கடைசி ஐந்து நிமிடம் படித்துப் பார்க்க. பக்கத்தில் இருப்பவர்கள் எழுதத் தொடங்கிவிட்டார்களே என்ற பதற்றம் வரும். அதைத் தாங்கிக்கொண்டால் போதும்.

வாக்கியங்களில் எனக்கு வேறொரு பிரச்சினை இருந்தது. தமிழில் வினைமுற்று கடைசியில் வருகிறது. அதுவரை எத்தனை வினையெச்சங்களை வேண்டுமானாலும் கோத்துக்கொண்டே போகலாம். அது தருகிற சுகம் பெரியது, ஆபத்தும் அங்கேதான். அக்டோபரில் எழுதிய ஒரு வாக்கியம்: 'மழைக்காலத்தில் ஆறுகள் பெருக்கெடுத்து ஓடி ஏரிகளை நிரப்பி விவசாயிகள் மகிழ்ந்து பயிரிட்டு நல்ல விளைச்சல் பெற்று நாடு செழிக்கிறது.' வாய்விட்டுப் படித்தால் ஓசை நன்றாகத்தான் இருக்கிறது. அம்மா 'ஓடியது யார்? மகிழ்ந்தது யார்? செழித்தது யார்?' என்று மூன்று அம்புக்குறிகள் போட்டிருந்தார். 'ஓடி', 'நிரப்பி', 'மகிழ்ந்து' என்று வருகிற எச்சங்கள், கடைசியில் வருகிற வினைமுற்றின் எழுவாயையே தமக்கும் எழுவாயாகக் கொள்ள வேண்டும். இங்கே ஆறு ஓடுகிறது, விவசாயி மகிழ்கிறார், நாடு செழிக்கிறது. ஒரே வாக்கியத்துக்குள் மூன்று எழுவாய்கள்.

பிரித்து எழுதினேன். 'மழைக்காலத்தில் ஆறுகள் பெருகி ஏரிகளை நிரப்புகின்றன. அந்தத் தண்ணீரை நம்பி விவசாயிகள் பயிரிடுகிறார்கள்.' அடுத்த வாக்கியம் 'நாடு செழிக்கிறது' என்று வர வேண்டும். எழுதப் போனபோது கை நின்றது. தனியாக நிற்க வைத்துப் பார்த்தால், அதற்கு நான் எந்த ஆதாரமும் சொல்லவில்லை. நீண்ட வாக்கியத்தின் வேகத்தில் அது ஒட்டிக்கொண்டு உள்ளே வந்திருந்தது. இலக்கணப் பிழையைத் திருத்தப் போய் சிந்தனையில் இருந்த ஓட்டையைக் கண்டுபிடித்தேன். அதிலிருந்து எனக்கு நானே ஒரு விதி வைத்துக்கொண்டேன்: ஒரு வாக்கியத்தில் இரண்டு எச்சங்களுக்கு மேல் வந்தால் நிறுத்திப் பார்க்க வேண்டும். எப்போதும் பிரிக்க வேண்டியதில்லை, பார்த்தால் போதும்.

ஒருமை, பன்மை மயக்கமும் இப்படி நீளத்தில் ஒளிந்துகொள்ளும். 'மரங்கள் வெட்டப்படுகிறது' என்று யாரும் குட்டி வாக்கியத்தில் எழுத மாட்டார்கள். 'மரங்கள்' என்பதற்கும் 'வெட்டப்படுகிறது' என்பதற்கும் நடுவே பத்துச் சொற்கள் வந்துவிட்டால் கை தவறிவிடும்.

ஒற்று விஷயத்தில் முதலில் எனக்குப் பெரிய அக்கறை இல்லை. ஒரு புள்ளி எழுத்து கூடினால் என்ன, குறைந்தால் என்ன என்று இருந்தேன். 'வேலை கொடுத்தான்' என்றால் ஒருவனுக்குப் பணி கிடைத்தது. 'வேலைக் கொடுத்தான்' என்றால் கையில் இருந்த வேல் போனது. இந்த ஒரு எடுத்துக்காட்டு போதுமாக இருந்தது. முழு விதிகளையும் ஒரே நாளில் பிடிக்க முயலாமல், என் நோட்டில் அடிக்கடி வட்டம் விழுந்த இடங்களை மட்டும் எடுத்துக்கொண்டேன். அந்த, இந்த, எந்த ஆகியவற்றுக்குப் பின் மிகும்: அந்தப் பையன். ஐ உருபுக்குப் பின்னும் கு உருபுக்குப் பின்னும் மிகும்: கதவைத் திறந்தான், வகுப்புக்குப் போனான். 'என்று', 'வந்து', 'கொண்டு' ஆகியவற்றுக்குப் பின் மிகாது: என்று கேட்டார், வந்து பார்த்தார். பல, சில ஆகியவற்றுக்குப் பின்னும் மிகாது. இவ்வளவுதான். இவற்றை மட்டும் பிடித்துக்கொண்டதில் என் வட்டங்களில் பெரும்பாலானவை போய்விட்டன.

அப்புறம், சொற்கள். 'என்றால் அது மிகையாகாது' என்று எழுதாத தமிழ்க் கட்டுரை உண்டா? என் முதல் பத்துக் கட்டுரைகளில் தேடிப் பார்த்தால் எல்லாவற்றிலும் இருந்தது. மிகையாகாது என்று சொல்ல வேண்டி வருகிற இடங்களில் பெரும்பாலும் மிகைதான் இருக்கும். 'இன்றியமையாதது', 'பல்வேறு', 'அனைவரும் அறிந்ததே' ஆகிய சொற்களையும் அடித்துப் பார்த்தேன். 'நூல்கள் பல்வேறு வகையான பயன்களைத் தருகின்றன என்பது அனைவரும் அறிந்ததே' என்பதில் இவற்றை எடுத்துவிட்டால் 'நூல்கள் பயன் தருகின்றன' என்பதுதான் மிச்சம். அதற்காக ஒரு வரி எழுத வேண்டுமா என்று யோசிக்கலாம்.

இந்த அடித்தல் ஒரு கட்டத்தில் அளவு மீறிப் போனது. ஜனவரி வாக்கில் 'மி', 'கூ' இரண்டும் வரவே கூடாது என்று ஒரு வேகம். கட்டுரைகள் ஒன்றரைப் பக்கமாகச் சுருங்கின. எல்லாம் குட்டி வாக்கியங்கள். குறி எதுவும் வராது என்று நம்பிக் கொடுத்த கட்டுரை 'கு' என்று திரும்பி வந்தது. குன்றக் கூறல். அந்த வாரம் நிஜமாகவே சோர்ந்துபோனேன். ஒரு பள்ளத்திலிருந்து ஏறி அடுத்த பள்ளத்தில் விழுந்ததாகத் தோன்றியது. இரண்டு வாரம் எதையும் மனதோடு எழுத முடியவில்லை.

அப்போதுதான் அம்மா, பத்துக் குற்றங்களை அடுத்து அதே பாயிரத்தில் பத்து அழகுகளும் இருக்கின்றன என்பதை நினைவூட்டினார். சுருங்கச் சொல்லல் அதில் முதலாவது. நான் அதோடு நின்றுவிட்டிருந்தேன். அதற்கு அடுத்தது விளங்க வைத்தல். அதற்கும் அடுத்து நவின்றோர்க்கு இனிமை. ஓசை உடைமை, ஆழமுடைத்தாதல், விளங்கும் எடுத்துக்காட்டு உடையதாதல் எல்லாம் வரிசையாக இருக்கின்றன. சுருக்கமும் விளக்கமும் பக்கத்துப் பக்கத்தில் வைக்கப்பட்டிருப்பதை அன்றுவரை நான் கவனித்ததில்லை. வாசிப்பவருக்கு விளங்கும் அளவுக்குச் சொல்லி, அதற்கு மேல் சொல்லாமல் நிற்பதுதான் சுருங்கச் சொல்லல் என்று அதன்பிறகு புரிந்துகொண்டேன். வாசிப்பவர் ஒருவர் எதிரில் இல்லாமல் அந்த அளவைக் கண்டுபிடிக்க முடியாது.

அதற்கு எனக்குக் கிடைத்தது பக்கத்து இருக்கைத் தோழி. வியாழக்கிழமை மதியம் நோட்டுகளை மாற்றிக்கொள்வோம். அவள் இலக்கணம் பார்க்க மாட்டாள், பாராட்டவும் மாட்டாள். ஒவ்வொரு பத்தியின் முடிவிலும் பென்சிலால் இரண்டில் ஒன்றை எழுதுவாள்: 'அப்புறம்?' அல்லது 'ஏன்?'. 'அப்புறம்?' என்று இருந்தால் பத்தி அவளை அடுத்த இடத்துக்கு இழுத்திருக்கிறது. 'ஏன்?' என்று இருந்தால் நான் எதையோ விழுங்கிவிட்டேன். ஒன்றுமே எழுதாமல் விட்டிருந்தால் அந்தப் பத்தி அவளைத் தொடவே இல்லை. ஆசிரியரின் பத்துக் குறிகளோடு சேர்த்து இந்த இரண்டு சொற்களும் எனக்கு அவ்வளவு பயன்பட்டன. வீட்டில் பிள்ளைகளின் கட்டுரையைப் படித்துப் பார்ப்பவர்களிடம் நான் சொல்ல விரும்புவது இதுதான்: பிழை திருத்துவதை ஆசிரியருக்கு விட்டுவிடுங்கள், நீங்கள் 'அப்புறம்?' என்று கேளுங்கள்.

தனியாக இருக்கும்போது நானே செய்கிற ஒரு சோதனையும் உண்டு. கட்டுரையில் ஒவ்வொரு பத்தியின் முதல் வாக்கியத்தை மட்டும் எடுத்துத் தனித்தாளில் வரிசையாக எழுதுவேன். அதைப் படித்தால் ஒரு குட்டிக் கட்டுரை போலத் தொடர்ந்து வர வேண்டும். எங்கே தாவுகிறதோ அங்கே ஒரு பத்தி குறைகிறது, அல்லது ஒரு பத்தி இடம் மாறி உட்கார்ந்திருக்கிறது. முறையின் வைப்பு என்று நன்னூல் சொல்லும் அழகை எனக்குக் கண்ணால் பார்க்கக் கிடைத்த வழி இது.

பிப்ரவரியில் அம்மா மொந்தேன் என்ற பிரெஞ்சுக்காரரைப் பற்றிச் சொன்னார். 1580-இல் வெளியான தன் எழுத்துகளுக்கு அவர் வைத்த 'எஸ்ஸே' என்ற பெயர்தான் பிறகு ஆங்கிலத்தில் கட்டுரைக்கே பெயரானது. பிரெஞ்சில் அந்தச் சொல்லுக்கு முயற்சி, சோதித்துப் பார்த்தல் என்று பொருள். 1588-இல் விரிவான பதிப்பு வந்தபிறகும் அவர் நிறுத்தவில்லை. அச்சான தன் புத்தகத்தின் ஓரங்களிலேயே சேர்த்தும் மாற்றியும் எழுதிக்கொண்டிருந்தார், 1592-இல் இறக்கும்வரை. அச்சேறிய புத்தகத்தையே ஒருவர் அப்படித் திருத்திக்கொண்டிருந்தார் என்பது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. என் நோட்டின் சிவப்பு எழுத்துகளைப் பார்க்கிற பார்வை அன்று மாறியது. அதுவரை அவை கணக்கு முடிந்தபிறகு வருகிற தீர்ப்பு. அதன்பிறகு அவை அடுத்த தடவை எங்கே கை வைக்க வேண்டும் என்பதற்கான அடையாளம். திரும்பி வந்த கட்டுரையில் ஒரே ஒரு பத்தியையாவது மறுபடி எழுதாமல் அடுத்த தலைப்புக்குப் போவதில்லை என்று வைத்துக்கொண்டேன்.

மார்ச்சில் கடைசிக் கட்டுரைக்குத் தலைப்பு தரவில்லை. "முதல் கட்டுரையை எடுத்து மறுபடி எழுதுங்க," என்றார். நூலகத்தின் பயன்கள்.

இந்தத் தடவை எழுதும் முன் பள்ளி நூலகத்துக்குப் போனேன். அலமாரியில் கைக்கடிகாரம் பழுது பார்ப்பது பற்றி ஒரு மெல்லிய புத்தகம் இருந்தது. பின் அட்டையின் உட்புறம் ஒட்டியிருந்த தாளில் கடைசி முத்திரை விழுந்து ஒன்பது வருடம் ஆகியிருந்தது. நூலகரிடம் காட்டினேன். "ஒவ்வொரு வருஷமும் இடம் போதலைன்னு இதை எடுத்து வெளியே வெப்பேன். அப்புறம் மனசு கேக்காம மறுபடி உள்ள வெச்சிடுவேன்," என்றார். ஏன் மனசு கேட்கவில்லை என்று கேட்டேன். பதில் சொல்லாமல் கொஞ்ச நேரம் அந்தப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கேள்வி கிடைத்துவிட்டது. யாரும் எடுக்காத புத்தகத்தை ஒரு நூலகம் ஏன் வைத்திருக்க வேண்டும்?

தேடியபோது, நூலகவியலுக்கு எஸ். ஆர். ரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட ஐந்து விதிகள் கிடைத்தன. முதல் விதி, புத்தகங்கள் பயன்படுத்துவதற்காகவே. இதன்படி பார்த்தால் ஒன்பது வருடம் பயன்படாத புத்தகம் இடத்தை அடைக்கிறது, எடுத்துவிடலாம். மூன்றாம் விதி, ஒவ்வொரு நூலுக்கும் ஒரு வாசகர் உண்டு. இதன்படி பார்த்தால் அந்த வாசகர் இன்னும் வரவில்லை, அவ்வளவுதான். ஒரே மனிதர் வகுத்த இரண்டு விதிகள் அந்த மெல்லிய புத்தகத்தை ஆளுக்கொரு பக்கமாக இழுப்பதாக எனக்குத் தோன்றியது. நான் மூன்றாம் விதியின் பக்கம் நின்றேன். ஆனால் வைத்திருப்பது மட்டும் போதாது, வாசகரும் புத்தகமும் சந்திக்கிற மாதிரி வைக்க வேண்டும், அப்படிச் செய்யாமல் ஒன்பது வருடம் கழித்துப் புத்தகத்தைக் குறை சொல்வது நியாயமில்லை என்று வாதிட்டேன். முதல் விதியையும் அப்படித்தான் காப்பாற்ற முடியும் என்று முடித்தேன். கடைசிப் பத்தி பதினான்கு வரிகள் வந்தது. அதை நீட்ட நான் எதுவும் செய்யவில்லை, அங்கே போய்ச் சேர வேண்டியவை அத்தனை இருந்தன.

செவ்வாய்க்கிழமை நோட்டு வந்தது. கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் திறந்தேன். அந்த ஓரத்தில் எதுவும் இல்லை. முன்னால் புரட்டினேன். மூன்றாவது பத்தியில் 'மற்' என்று இருந்தது. மற்றொன்று விரித்தல். சிறு வயதில் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு முதன்முதலாக நூலகத்துக்குள் போனது, தரையின் குளிர்ச்சி, பழைய தாளின் வாசனை என்று எனக்கு மிகவும் பிடித்து எழுதிய பத்தி.

அம்மாவிடம் போய், "இது மட்டும் இருக்கட்டும்மா," என்று கேட்டேன்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்தக் கடிகாரப் புத்தகத்துக்கு இது என்ன சொல்லுது?"

இரண்டு நாள் யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் சொல்லவில்லை. பத்தியை எடுத்துவிட்டு, கட்டுரையைப் புதிதாக எழுதிக் கொடுத்தேன். எடுத்த பத்தியை நோட்டின் கடைசித் தாளில் எழுதி வைத்திருக்கிறேன். அதற்கான கேள்வி இன்னும் கிடைக்கவில்லை.